‘பிக்கப்’ உள்ள பழைய கார்: வாங்கும் முன் வீட்டில் பேச வேண்டியவை



நம் டிரஸ்ட் அலுவலகத்துக்குக் கல்வி உதவி, மருத்துவ உதவி என்று பேச வருபவர்கள், பேசி முடித்து எழும்போது இப்போதெல்லாம் இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். “பாய், பையன் கார் கேட்கிறான். சாதாரணக் கார் வேண்டாமாம், நல்ல பிக்கப் இருக்கணுமாம். புதுசு வாங்க முடியாது. ஆறு லட்சத்துக்குள் பழைய வண்டி ஏதாவது சரியா வருமா?”

கேட்பவர்களில் பலர் துபாயிலும் ரியாத்திலும் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சேர்த்த பணத்தை எடுக்கப் போகிறவர்கள். அந்தப் பணத்தில்தான் மகளின் திருமணமும் இருக்கிறது, வீட்டுக்கு மேல்தளம் போடும் எண்ணமும் இருக்கிறது. “பார்த்து வாங்குங்க” என்ற ஒரு சொல்லோடு அவர்களை அனுப்ப மனம் வரவில்லை. வேகமான காருக்கு ஆசைப்படுவதே தவறு என்றும் நாங்கள் சொல்லமாட்டோம். நல்ல எஞ்சினை ரசிப்பது இளவயதில் இயல்பு. ஆனால் மற்ற பழைய கார்களைவிட இந்த வகைக் காரில் ஏமாறும் வழிகள் அதிகம். முன்பு ஓட்டியவரும் வேகத்துக்காகவே வாங்கி, வேகமாகவே ஓட்டியிருப்பார் என்பது முதல் காரணம்.

ஸ்போர்ட்டி என்றால் என்ன?

சந்தையில் அந்தப் பெயரில் இரண்டு சரக்கு விற்கிறது. ஒன்று, சாதாரணக் காருக்குக் கறுப்பு அலாய் வீல், பின்னால் ஸ்பாய்லர், சீட்டில் சிவப்புத் தையல். எஞ்சின் பழையதேதான். இன்னொன்று, எஞ்சின், சஸ்பென்ஷன், பிரேக் மூன்றிலும் தொழிற்சாலையே மாற்றம் செய்து விட்ட வண்டி. முதல் வகைக்குக் கூடுதலாக ஐம்பதாயிரம் கொடுப்பது ஸ்டிக்கருக்குக் கொடுப்பது.

எஞ்சின் எத்தனை குதிரைத்திறன் என்பதை மட்டும் பார்த்தால் போதாது, வண்டியின் எடையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2018இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் காருக்கு 83 குதிரைத்திறன்தான். ஆனால் எடை 900 கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் டர்போ எதுவும் இல்லாமலே அது துள்ளி ஓடுகிறது. எடை குறைவாக இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த ஸ்விஃப்டுக்கு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5க்கு 2 நட்சத்திரம்தான் கிடைத்தது.

டர்போ என்பது எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்தாலேயே ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதன் மூலம் அதிகக் காற்றை எஞ்சினுக்குள் அழுத்தும் கருவி. சிறிய எஞ்சினும் பெரிய எஞ்சினின் பலத்தைத் தருவது இதனால்தான். அந்தச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும், கொதிக்கும் சூட்டில் இருக்கும். அதைக் காப்பாற்றுவது முக்கியமாக எஞ்சின் ஆயில்தான். முன்பு வைத்திருந்தவர் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டியிருந்தால், டர்போ போகும்போது அந்தச் செலவு உங்கள் தலையில் விழும்.

நம் ரோட்டுக்கு எது?

ரமணாசிரமம் வாசலில் எத்தனை குதிரைத்திறன் இருந்தாலும் இரண்டாவது கியரைத் தாண்ட முடியாது. வெறுங்காலோடு கிரிவலம் நடப்பவர்கள், சாதுக்கள், மாடு, சைக்கிளில் வெளிநாட்டவர்கள், நினைத்த இடத்தில் நிற்கும் ஆட்டோ. பௌர்ணமி அன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கார் ஓட்டும் பேச்சே கிடையாது. தாழ்ந்த வண்டி என்றால் நம் வேகத்தடைகளில் அடிவயிறு உரசும். ஃபியட் அபார்த் புன்டோவின் தரை இடைவெளி 155 மில்லிமீட்டர். ஐந்து பேர் ஏறினால் அது இன்னும் குறையும். நன்னியின் மூட்டுவலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த சீட்டிலிருந்து எழுவது அவர்களுக்குத்தான் தெரியும்.

பிக்கப் உண்மையில் உதவும் இடம் வேறு. செங்கம், ஊத்தங்கரை வழியாகக் கிருஷ்ணகிரி போகும்போது லாரியை முந்த வேண்டியிருக்கும். எதிர்த்திசையில் எவ்வளவு குறைந்த நேரம் இருக்கிறோமோ அவ்வளவு நல்லது. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச்சாலையிலும் பலமான எஞ்சினும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கைகொடுக்கும். ஆனால் ஒரு கணக்கைப் பையனுக்குச் சொல்லிவையுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் அடித்தால் வண்டி நிற்க எவ்வளவு தூரம் பிடிக்குமோ, 100இல் அடித்தால் கிட்டத்தட்ட அதைப்போல் மூன்று மடங்கு பிடிக்கும். செங்கம் ரோட்டில் குறுக்கே ஒரு ஆடு வந்தால் அந்தத் தூரம் நமக்குக் கிடைக்காது. உண்மையாகவே வேகத்தை அனுபவிக்க வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது.

எந்தெந்த வண்டிகள்?

நடுத்தர பட்ஜெட்டில் இந்தியச் சந்தையில் கிடைக்கக்கூடியவற்றில் பேசத் தகுந்தவை சில. விலை ஊருக்கு ஊர், வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் அதை இங்கே எழுதவில்லை.

ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. 2013இல் வந்தது. 1.2 லிட்டர் டர்போ, 105 குதிரைத்திறன், ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக். இளைஞர்கள் அதிகம் கேட்பது இதைத்தான். கட்டுமானம் திடமானது. 2014இல் இரண்டு ஏர்பேக் வைத்த போலோ 4 நட்சத்திரம் வாங்கியது. ஆனால் அந்த உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் சூடான ஊர்களில், நின்று நின்று போகும் போக்குவரத்தில் தொல்லை தருவதாகப் பெயரெடுத்தது. 2013இல் ஏழு கியர் டி.எஸ்.ஜி. பொருத்திய வண்டிகளைக் கம்பெனி உலகம் முழுவதும் பெரிய எண்ணிக்கையில் திரும்ப அழைத்தது. அதன் மெக்காட்ரானிக் பகுதி போனால் செலவு லட்சத்தைத் தாண்டும். அதை மாற்றிய பில் இருந்தால் வண்டியைப் பாருங்கள். கியர் மாறும்போது உதறினாலோ, மெதுவாக நகரும்போது இழுத்து இழுத்துப் போனாலோ திரும்பி வந்துவிடுங்கள். 2020க்குப் பிறகு வந்த 1.0 லிட்டர் டி.எஸ்.ஐ. 110 குதிரைத்திறன் கொண்டது. அதில் ஆறு கியர் மேனுவலும் உண்டு. எங்கள் பார்வையில் அந்த மேனுவல் வண்டி கிடைத்தால் அதுதான் மேல். போலோ உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது.

மாருதி பலேனோ ஆர்.எஸ். 2017இல் வந்து 2020 வாக்கில் நின்றது. 1.0 லிட்டர் பூஸ்டர்ஜெட் டர்போ, 102 குதிரைத்திறன், நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். மாருதி என்பதால் பொதுவான உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், ஆனால் இந்த எஞ்சினுக்கு உரியவற்றை ஆர்டர் போட்டுத்தான் எடுக்க வேண்டும். முக்கியமான செய்தி ஒன்று: பிரேக்குக்கு உதவும் வேக்யூம் பம்பில் குறை இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களைக் கம்பெனி திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் வண்டி அதில் சேர்ந்ததா, பம்ப் மாற்றப்பட்டதா என்பதை ஷோரூமில் சேஸிஸ் நம்பர் கொடுத்துக் கேட்டு உறுதிசெய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

டாடா டியாகோ ஜே.டி.பி. நம் தமிழ்நாட்டுக் கை பட்ட வண்டி. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து 2018 அக்டோபரில் கொண்டுவந்தன. 1.2 லிட்டர் டர்போ, 114 குதிரைத்திறன். குறைவாகவே விற்றதால் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கென்று தனியாகச் செய்த பம்பர், பானெட் போன்றவை உடைந்தால் கிடைப்பது கடினம்.

ஃபோர்டு ஃபிகோ 1.5 டீசல் 100 குதிரைத்திறன். ஸ்டிக்கர் இல்லாமலே நெடுஞ்சாலையில் நன்றாக இழுக்கும் வண்டி இது. ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது, மறைமலைநகர் ஆலையும் மூடப்பட்டது. சர்வீஸ் தொடர்கிறது என்றாலும் மறுவிற்பனையில் விலை இறங்கிவிட்டது. வாங்குபவருக்கு இது லாபம், பிறகு விற்கும்போது அதே நஷ்டம் நமக்கு.

அபார்த் புன்டோ 145 குதிரைத்திறன். இந்தப் பட்டியலிலேயே பலசாலி. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வருவதற்குள் ஃபியட் கார்கள் இந்தியச் சந்தையை விட்டே போய்விட்டன. வீட்டில் வேறொரு கார் இருந்து, இதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்களுக்கு அது சரி. ஒரே காராக வாங்கும் குடும்பத்துக்கு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

ஹூண்டாய் ஐ20 என் லைன் 2021இல் வந்தது, 120 குதிரைத்திறன், இருங்காட்டுக்கோட்டை ஆலையில் செய்தது. பட்ஜெட் எட்டு லட்சம் பக்கம் போக முடிந்தால் விசாரிக்கலாம். இவ்வளவும் வேண்டாம், ஓட்ட உற்சாகமாக இருந்தால் போதும் என்பவர்களுக்கு ஒரே ஆள் வைத்திருந்த ஸ்விஃப்டே போதும். நம் ஊரில் அதைக் கை வைக்கத் தெரியாத மெக்கானிக் இல்லை.

வண்டியைப் பார்க்கும் நாள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் நீலப் புகை தெரியும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது, பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், டர்போ சீலாக இருக்கலாம். இரண்டுமே பெரிய செலவு. ஓட்டும்போது மூன்றாவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலரேட்டரை அழுத்துங்கள். பலம் ஒழுங்காக ஏற வேண்டும். ஊளையிடும் சத்தமோ, பலம் திடீரென விட்டுப் போவதோ இருந்தால் டர்போவையும் அதன் குழாய்களையும் சந்தேகியுங்கள். எஞ்சின் வேகம் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

மீட்டரைத் திருப்புவது இந்த வியாபாரத்தில் சர்வசாதாரணம். நாற்பதாயிரம் கிலோமீட்டர் என்று காட்டும் வண்டியில் பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து, ஸ்டீயரிங் பளபளத்தால் நம்பாதீர்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆவது வாரம் செய்தது. கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் பதிவுகளைக் கேட்டால் எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்பது வெளியே வரும். சந்தையில் மேலே உலர்ந்த தானியத்தை வைத்து உள்ளே ஈரத்தை மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நமக்குத் தெரியும். நம்மில் கார் விற்பவர்களுக்கும் அது பொருந்தும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம், 2024இல் ஃபெஞ்சல் என்று நம் பக்கமே போதுமான அளவு கார்கள் தண்ணீரில் நின்றிருக்கின்றன. அவை கழுவித் துடைக்கப்பட்டு வேறு ஊருக்கு வரும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள், கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள கம்பிகளில் துரு, உள்ளே ஊதுபத்தியையும் மீறி வரும் ஈர வாடை, இரண்டும் பொய் சொல்லாது.

நம்பும் மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்துக் கூட்டிப்போங்கள். புரோக்கர் கூட்டிவரும் மெக்கானிக் வேண்டாம். கம்ப்யூட்டர் ஸ்கேனர் வைத்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. பங்க்குகளில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வருவதால், பழைய டர்போ பெட்ரோல் வண்டியின் கையேட்டில் எந்த அளவு வரை அனுமதி என்று போட்டிருக்கிறது என்பதையும் பாருங்கள்.

கைவைத்த வண்டிகள்

எஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதி பலத்தைக் கூட்டுவது, சத்தம் போடும் சைலன்சர் போடுவது, ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது எல்லாம் இந்த வகைக் கார்களில் சகஜம். “ஸ்டேஜ் 1 செய்தது, முப்பது குதிரைத்திறன் கூடுதல்” என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். கிளட்சும் கியர்பாக்ஸும் அந்தப் பலத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. சட்டமும் இடம் தரவில்லை. தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், இப்படி மாற்றிய உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை உண்டு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயரும் இதைத்தான் முதலில் பார்ப்பார். எங்களிடம் வந்த ஒரு குடும்பத்துக்கு இதனாலேயே பாதிப் பணம்கூடக் கிடைக்கவில்லை. மாற்றம் செய்தது முந்தைய ஓனர், கையொப்பமிட்டுக் காரை வாங்கியது இவர்கள்.

காகிதங்கள்

ஆர்.சி.யில் பெயர், எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் மூன்றையும் வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் இன்சூரன்ஸ், கடன் பாக்கி உள்ளதா, சலான் நிலுவை உண்டா என்பது தெரியும். பேங்க் கடன் இருந்தது என்றால் பேங்க் தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35உம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம்.

“வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போட்டுத் தருகிறேன், எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளுங்கள்” என்று சொல்லும் பழக்கம் நம்மிடையே நிறைய. இது இரண்டு பக்கமும் ஆபத்து. ஒரு விபத்து வழக்கில் வண்டி அடுத்தடுத்துப் பல கை மாறியிருந்தும், ஆர்.சி.யில் யார் பெயர் இருந்ததோ அவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018 பிப்ரவரியில் சொல்லிவிட்டது. நீங்கள் பழைய காரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பவராக இருந்தால், விற்ற வண்டியின் பெயர் மாறிவிட்டதா என்பதை நீங்களே பின்தொடர்ந்து பாருங்கள். வாங்கியவர் என்றால் இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக்கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் வராது. பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவருடையது, வண்டியோடு வராது.

மலிவாகக் கிடைக்கும் டெல்லி வண்டிகளைப் பற்றியும் கேட்கிறார்கள். அங்கே 10 ஆண்டு தாண்டிய டீசல், 15 ஆண்டு தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்ததால் அவை தெற்கே வந்தன. டெல்லியோ, பெங்களூரோ, பக்கத்துப் புதுச்சேரியோ, வெளி மாநில வண்டி என்றால் அந்த ஆர்.டி.ஓ.வின் படிவம் 28 என்.ஓ.சி. இல்லாமல் இங்கே பதிய முடியாது. தமிழ்நாட்டு ஆயுள் வரியும் வண்டியின் வயதுக்கு ஏற்பக் கட்ட வேண்டும். அந்தத் தொகையை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்துக் காரின் விலையோடு கூட்டிப் பார்த்தால், மலிவு என்று நினைத்தது மலிவாக இருக்காது.

பணம்

கையில் ஆறு லட்சம் இருந்தால் ஐந்து லட்சத்துக்கு மேல் காருக்குப் போகாதீர்கள். மீதியில் டயர், பிரேக், பேட்டரி, எல்லா ஆயிலும் மாற்றுவது, பெயர் மாற்றம், இன்சூரன்ஸ் என்று முதல் ஆண்டிலேயே செலவு வரும். பழைய கார் கடனுக்குப் புதுக் கார் கடனைவிட வட்டி அதிகம். வட்டி நமக்கு ஆகாதது என்பதை விட்டுவிட்டுப் பார்த்தாலும், விலை இறங்கிக்கொண்டே போகும் பொருளுக்கு அது மோசமான கணக்கு. குறைவது ஐம்பதாயிரம், ஒரு லட்சம் என்றால் உறவினரிடம் கர்ளு ஹஸனாகக் கேட்கலாம். சொந்தத் தம்பியே கொடுத்தாலும் தொகை, தவணை, சாட்சி மூன்றையும் எழுதிவையுங்கள். பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதச் சொல்வது அந்நியர்களுக்கு மட்டும் அல்ல. அதுவும் முடியாவிட்டால் ஓராண்டு காத்திருங்கள், அதே கார் அடுத்த ஆண்டு இன்னும் குறைந்த விலைக்கு வரும்.

ஓட்டப் போகிறவர்

18 வயது ஆகாத பையன் கையில் சாவி போனால், விபத்து நடக்கும்போது வழக்கு அத்தாவின் மேல். 199ஏ பிரிவில் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் ரூ.25,000 அபராதமும், வண்டிப் பதிவு 12 மாதம் ரத்தும் உண்டு. அந்தப் பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

லைசென்ஸ் எடுத்துவிட்டான் என்றாலும் முதல் ஆறு மாதம் இந்த மாதிரி வண்டியைத் தனியாகவும், இரவிலும், நான்கு நண்பர்களோடும் கொடுக்காதீர்கள். காரில் ஏ.பி.எஸ். இருக்கிறதா, முன்னால் இரண்டு ஏர்பேக்கும் இருக்கிறதா என்பதை மியூசிக் சிஸ்டத்துக்கு முன்பு பாருங்கள். மோதிய வண்டியில் ஏர்பேக் வெடித்த பிறகு புதிதாக வைக்காமல் மூடிவிட்டு விற்பதும் நடக்கிறது. சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியாமலே இருந்தாலும், அணையாமல் இருந்தாலும் கோளாறு. 2019 ஜூலைக்குப் பிறகு செய்த கார்களில் 80ஐத் தாண்டினால் விட்டு விட்டும், 120ஐத் தாண்டினால் விடாமலும் எச்சரிக்கை ஒலி வரும். அந்தச் சத்தத்தை நிறுத்தித் தர ஆள் தேடும் பையன்கள் உண்டு. முன்பே ஓனர் அதைத் துண்டித்திருக்கிறாரா என்று டெஸ்ட் டிரைவில் கவனியுங்கள். துண்டித்திருந்தால் அந்த வண்டி எப்படி ஓடியிருக்கும் என்பதும் தெரிந்துவிடும்.

ஆர்.சி. நகலையும் இன்சூரன்ஸ் நகலையும் கொண்டு வந்தால், ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்தில் படிவங்களைச் சரிபார்த்துத் தருகிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்பு வாருங்கள்.